மைலோமா நோயாளியின் எலும்பு: நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள்

மல்டிபிள் மைலோமா ரத்தப் புற்றுநோய் வகையைச் சேர்ந்தது. ஆனால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரம் முதுகுவலிதான். நம் எலும்பு நாள்தோறும் கொஞ்சம் இடிபட்டு, கொஞ்சம் கட்டப்பட்டுக்கொண்டே இருப்பது. மைலோமாவில் எலும்பு மஜ்ஜையில் கட்டுக்கடங்காமல் பெருகும் பிளாஸ்மா செல்கள் (நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) இடிக்கும் செல்களை முடுக்கிவிட்டு, கட்டும் செல்களை முடக்கிப்போடுகின்றன. நோய் கண்டறியப்படும்போதே நூற்றுக்கு 80 பேர் வரை எலும்புப் பாதிப்போடுதான் வருகிறார்கள். முதுகெலும்பு, விலா, இடுப்பு, மண்டையோடு, தொடை எலும்பின் மேற்பகுதி ஆகியவைதான் அதிகம் அடிபடும்.

இதில் முதல் தவறு, 'தேய்மானம்' என்ற ஒற்றைச் சொல்லில் வலியை மூடிவைப்பது. அறுபதைத் தாண்டினால் முதுகு வலிக்காதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் வாரக்கணக்கில் விடாத வலியோடு சோர்வு, ரத்தசோகை, உயரம் குறைவது, ஒரு தும்மலுக்கே விலா எலும்பு விரிசல் விடுவது என்று ஒன்றிரண்டு சேர்ந்துகொண்டால் தேய்மானக் கணக்கு உதைக்கிறது. எக்ஸ்ரே சரியாக இருக்கிறதே என்ற நிம்மதியும் அப்படித்தான். எலும்பின் தாதுவில் 30 சதவீதத்துக்கு மேல் கரைந்த பிறகுதான் ஓட்டை எக்ஸ்ரேயில் தென்படும். அதனால்தான் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் முழு உடல் சிடி, எம்ஆர்ஐ, பெட் சிடி ஆகியவற்றை இப்போது நாடுகிறார்கள். வழக்கமான எலும்பு ஸ்கேன் (bone scan) இங்கே அதிகம் கைகொடுக்காது. புது எலும்பு உருவாகும் இடத்தைக் காட்டுவது அது. மைலோமாவிலோ கட்டுமானமே நின்றுபோயிருக்கும்.

வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகள் ஆபத்தானவை. மைலோமா செல்கள் சுரக்கும் புரதத்தை வடிகட்டியே சிறுநீரகம் திணறிக்கொண்டிருக்கும். இந்த மாத்திரைகள் அதை ஒரேயடியாகச் சாய்த்துவிடலாம். பாராசிட்டமாலில் தொடங்கி, அடங்காவிட்டால் மார்ஃபின் வகை மருந்து, வலிக்கும் இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு என்று மருத்துவரிடம் பல வழிகள் உண்டு. மார்ஃபின் என்றதும் மிரண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமைதான் வரும்.

எலும்பு கரைகிறதென்றால் கால்சியம் சாப்பிட்டால் ஆயிற்று என்று தோன்றும். கரைந்த கால்சியம் எங்கே போகிறது? ரத்தத்துக்குத்தான். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், பேச்சில் குழப்பம் என்று வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். அன்றைக்கே பார்க்க வேண்டும். அதே சமயம், எலும்புக்கான ஊசி போட்டுக்கொள்பவருக்கு மருத்துவரே எழுதிக் கொடுத்த கால்சியத்தையும் வைட்டமின் டியையும் தாமாக நிறுத்துவதும் பிசகு.

இனி, வீட்டார் அன்பால் செய்யும் தவறு. "எலும்பு ஒடிந்துவிடும், எழுந்திருக்காதீங்க" என்று நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடுவது. படுத்த படுக்கையில் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும், கால் தசை சூம்பும். லெனலிடோமைட், தாலிடோமைட் போன்ற மைலோமா மருந்துகளால் ஏற்கெனவே ரத்தம் உறையும் வாய்ப்பு கூடியிருக்கும். அசையாமை அதை இன்னும் கூட்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே காட்ட வேண்டும். தொடை எலும்பு முறியும் நிலையில் இருந்தால் முன்கூட்டியே கம்பி வைத்துப் பலப்படுத்துவார்கள். எந்த எலும்பு பாரம் தாங்கும், எது தாங்காது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு நடப்பதுதான் சரி. முன்னால் குனிந்து கனம் தூக்குவது, இடுப்பைத் திருகுவது, முதுகை அழுத்தி நீவிவிடுவது, நெட்டி முறிப்பது ஆகியவை கூடாது.

நடை தடுமாறினால் எல்லாப் பழியையும் எலும்பின் மேல் போடவும் வேண்டாம். சிகிச்சையில் தரும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் தொடைத் தசையை நலிவாக்கும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாது. போர்டெசோமிப் என்ற மைலோமா மருந்து பாத நரம்பை மரத்துப்போகச் செய்யும். மருந்தின் அளவை மாற்றினால் தேறக்கூடியவை இவை. "வயசாச்சு" என்று சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது.

காத்திருக்கவே கூடாத ஒன்று உண்டு. முதுகுவலியோடு கால்கள் வலுவிழப்பது, இடுப்புக்குக் கீழே மரப்பது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது. தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்தக் காலின் பலம் திரும்பாமலே போகலாம்.

சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஆகிய ஊசிகள் எலும்பு அரிப்பைத் தடுப்பவை. ஆரம்பிக்கும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்; ஊசி நடக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. வலி போய்விட்டதென்று டெனோசுமாபைச் சொல்லாமல் நிறுத்தினால், அடக்கிவைத்த அரிப்பு மொத்தமாகக் கிளம்பி முதுகெலும்புகள் நொறுங்கக்கூடும்.

சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேனில் பழைய ஓட்டைகள் அப்படியே இருப்பதைப் பார்த்துச் சிலர் இடிந்துபோகிறார்கள். நோய் அடங்கிய பிறகும் அந்தத் துளைகள் பெரும்பாலும் மூடுவதில்லை. புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்பதைத்தான் அந்த ரிப்போர்ட்டில் தேட வேண்டும்.