மோட்டார் ரூம்ல கெடக்குற பழைய பெட்ரோல் செயின்சாவ வீட்லயே ஓட வைக்கிறது எப்படி?

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் சாஞ்ச தென்னைய அறுக்க ஆள் கிடைக்காம சொந்தமா மெஷின் வாங்குனவங்க நிறைய பேரு. அந்த மாதிரி ஒரு 58 சிசி மெஷின் உங்க வீட்லயும் தூசி படிஞ்சு கெடந்தா, கயிறு இழுத்து இழுத்து கை வலிச்சு "கார்ப்ரேட்டர் போச்சு, புதுசு மாத்தணும்"னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க. கெடந்த மெஷின்ல பெரும்பாலும் கெட்டுப்போன பெட்ரோலும் விறைச்சுப்போன ரப்பரும்தான் பிரச்சனை, ரெண்டுமே சில்லறை செலவு.

எதத் தொடுறதுக்கு முன்னாடியும் ஸ்பார்க் பிளக் மேல இருக்குற கேப்ப கழட்டி ஓரமா ஒதுக்கி வைங்க. செயின தொடும்போது கையுறை போட்டுக்கங்க. பக்கத்துல பீடி சிகரெட் வேணாம்.

முதல்ல கம்ப்ரெஷன்

கம்ப்ரெஷன்னா சிலிண்டருக்குள்ள பிஸ்டன் காத்த அழுத்துற அழுத்தம். நிறைய பேரு இத கடைசில பாக்குறாங்க, அது தப்பு. கம்ப்ரெஷன் இல்லாத மெஷினுக்கு எவ்ளோ புது சாமான் போட்டாலும் வேஸ்ட்டுதான். பிளக் டைட்டா இருக்கணும், கேப் கழண்டே இருக்கட்டும், ஸ்டார்ட்டர் கைப்பிடிய மட்டும் பிடிச்சு மெஷின தொங்க விடுங்க. விக்கி விக்கி மெதுவா இறங்குனா நல்லாருக்கு. கயித்தோட சரசரன்னு கீழ போயிருச்சுன்னா பிஸ்டன், ரிங் தேஞ்சிருக்கு. சில மெஷின்ல ஸ்டார்ட்டர்ல கூடுதலா ஒரு ஸ்பிரிங் இருக்கும், அதுல இந்த டெஸ்ட் ஏமாத்தும், அதனால சைலன்சர கழட்டி அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பிஸ்டன பாத்துருங்க. பிஸ்டன் பக்கவாட்டுல வழவழன்னு இருக்கணும். மேலேருந்து கீழ ஆழமா கோடு கோடா கீறல் இருந்தா ஆயில் இல்லாம ஓட்டி சீஸ் ஆன (பிஸ்டன் இறுகிப் பிடிச்ச) மெஷின்னு அர்த்தம், பிஸ்டன் சிலிண்டர் கிட் விலைய விசாரிச்சுட்டு மேற்கொண்டு போங்க.

சைலன்சர் கழட்டுன கையோட அதுல இருக்குற சின்ன கம்பி வலையையும் பாத்துருங்க. கரி அடைச்சிருந்தா மெஷின் ஸ்டார்ட் ஆகும், ஆனா மரத்துல வச்சா தம் இருக்காது. பித்தளை பிரஷ் போட்டு தேச்சா போயிரும்.

பழைய பெட்ரோல கொட்டுங்க

இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், மாசக்கணக்குல நின்னா தண்ணி தனியா பிரிஞ்சு டேங்க் அடில தங்கிரும், போதாததுக்கு டியூபையும் கெடுக்கும். மிச்சம் மீதி இருக்குறத முழுசா வெளிய கொட்டிருங்க. டேங்க் உள்ள டியூப் நுனில சின்ன ஃபில்டர் ஒண்ணு இருக்கும், வளைச்ச கம்பி விட்டு கொக்கி போட்டு வெளிய எடுங்க, கருத்துப் போயிருந்தா மாத்துங்க. அப்படியே டியூப நகத்தால அழுத்திப் பாருங்க, பிளாஸ்டிக் மாதிரி விறைப்பா இருந்தாலோ வளைச்சா வெடிப்பு தெரிஞ்சாலோ அதையும் மாத்திரணும், ஏன்னா வெடிப்பு வழியா காத்த இழுக்கும், பெட்ரோல் ஏறாது.

புது பெட்ரோல்ல டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஆயில்) கலக்கணும். 25க்கு 1னா லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1னா 20 மில்லி. உங்க மெஷினுக்கு எதுன்னு மேனுவல்ல போட்டிருக்கும், அதத்தான் கேக்கணும், கடைக்காரர் சொல்றத இல்ல. தனி கேன்ல கலக்கி குலுக்கிட்டு ஊத்துங்க.

பிளக்

கழட்டிப் பாருங்க. நனைஞ்சிருந்தா ஓவர்ஃப்ளோ, கரியா இருந்தா காத்துக்கு பெட்ரோல் ஜாஸ்தி இல்லன்னா ஏர் ஃபில்டர் அடைப்பு, காஞ்சு போயிருந்தா பெட்ரோல் வரவே இல்ல. சுத்தம் பண்ணி கேப்ல மாட்டி, பிளக் மரை சிலிண்டர் இரும்புல படுற மாதிரி வச்சு, சுவிட்ச ஆன் பண்ணி கயிறு இழுங்க. பிளக் ஓட்டைக்கு கிட்ட வச்சு பாக்காதீங்க, உள்ளேருந்து வர்ற பெட்ரோல் ஆவி பத்திக்கும். நீலமா பொறி வந்தா ஓகே. வரலன்னா புது பிளக் போட்டுப் பாருங்க, விலை கம்மிதான். அப்பவும் வரலன்னா சுவிட்ச்சுக்குப் போற வயர காயில்லேருந்து (பிளக்குக்கு கரண்ட் கொடுக்குற சாமான்) கழட்டிட்டு பாருங்க, பொறி வந்துச்சுன்னா வயர் எங்கயோ உரசி பாடில எர்த் ஆகுது. அதுக்கும் வரலன்னா காயில்தான்.

கார்ப்ரேட்டர் உண்மையிலேயே குற்றவாளியா?

பிளக் ஓட்டைக்குள்ள கலந்த பெட்ரோல் சில சொட்டு விட்டு, பிளக்க மாட்டி, சிந்துனத தொடச்சிட்டு இழுங்க. ரெண்டு செகண்ட் ஓடி நின்னுச்சுன்னா பொறி இருக்கு, கம்ப்ரெஷன் இருக்கு, பெட்ரோல் மட்டும் வரல. இப்பதான் கார்ப்ரேட்டர தொடணும்.

கழட்டும்போது ஒவ்வொரு லேயரையும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க. ரெண்டு பக்கமும் மெல்லிசா டயாஃப்ரம்னு ஒரு சவ்வு இருக்கும், மடிச்சா மொடமொடன்னு இருந்துச்சுன்னா அதான் வில்லன், டயாஃப்ரம் கிட் தனியா கிடைக்குது. திரும்ப மாட்டும்போது வரிசை முக்கியம்: நடுவுல வட்டமா உலோகத் தகடு இருக்குற டயாஃப்ரம் பக்கம் முதல்ல கேஸ்கட் (இடைல வைக்கிற மெல்லிசு பேக்கிங்), அதுக்கு மேல டயாஃப்ரம். இன்னொரு பக்கம், அதாவது பெட்ரோல இழுக்குற பம்ப் பக்கம், அப்படியே தலைகீழ், முதல்ல டயாஃப்ரம், அதுக்கு மேல கேஸ்கட். பம்ப் மூடிக்கு அடில சின்ன வலை இருக்கும், அதுலதான் குப்பை போய் உக்காரும். கிளீனர் ஸ்ப்ரே அடிக்கும்போது ரப்பர் சாமான எல்லாம் எடுத்துட்டு அடிங்க, ஓட்டைல கம்பி விட்டு குத்தாதீங்க. இஞ்சினுக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவுல வர்ற கேஸ்கட்ல ஒரு குட்டி ஓட்டை உண்டு, அது வழியா வர்ற அழுத்தத்துலதான் பம்ப் வேலை செய்யுது, கேஸ்கட்ட திருப்பி மாட்டி அத அடைச்சிட்டா மறுபடியும் முதல்லேருந்து.

டியூனிங்

கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் அளவ மாத்துற எல் (குறைஞ்ச வேகத்துக்கு), எச் (ஃபுல் வேகத்துக்கு) ரெண்டு ஸ்க்ரூவையும் வலது பக்கம் மெதுவா தொடுற வரைக்கும் திருகிட்டு, ஒரு சுத்து வெளிய எடுங்க, ஸ்டார்ட் ஆக அது போதும். மெஷின தரையில வச்சு, பின் கைப்பிடிய காலால மிதிச்சு, செயின் பிரேக் போட்டுட்டு இழுங்க. சூடானதும் பிரேக்க விடுங்க, ஐடில்ல (ஆக்ஸிலேட்டர் கொடுக்காம ஓடும்போது) செயின் ஓடக்கூடாது, ஓடுனா ஐடில் ஸ்க்ரூவ குறைங்க. எச் ஸ்க்ரூவ சத்தம் கூடணும்னு வலது பக்கம் திருகிட்டே போறவங்க உண்டு, கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பெட்ரோலோட ஆயிலும் குறைஞ்சு பிஸ்டன் சீஸ் ஆயிரும். ஃபுல் ஆக்ஸிலேட்டர்ல லேசா கரகரன்னு இருந்து, மரத்துல வச்சதும் சத்தம் சுத்தமானா அதான் சரியான இடம். ஆக்ஸிலேட்டர விட்டும் வேகம் இறங்காம நின்னா எங்கயோ காத்து இழுக்குது, உடனே ஆஃப் பண்ணிட்டு மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க.

கடைசியா செயின்

மாவு மாதிரி தூள் வந்தா செயின் மொட்டை, சீவல் சீவலா வந்தா கூர்மை. தென்னை வெளிப்பக்கம் ரொம்ப கெட்டி, நாரும் ஜாஸ்தி, சீக்கிரம் மழுங்கும். .325 இன்ச் பிட்ச் (கண்ணி இடைவெளி அளவு) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம், பல்லுல போட்டிருக்குற கோட்ட வச்சு உள்ளேருந்து வெளிய மட்டும் தள்ளணும், எல்லா பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை.

பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) பக்கத்து மூடிய கழட்டும்போது பிரேக்க விடுவிச்சுட்டு கழட்டுங்க, இல்லன்னா திரும்ப மாட்ட வராது. பார் பள்ளத்துல இருக்குற நாரையும் ஆயில் ஓட்டைல இருக்குற அழுக்கையும் சுரண்டி எடுங்க. செயின் கீழ தொங்கக் கூடாது, ஆனா பிரேக் விட்டு கையால இழுத்தா ஓடணும். மாட்டி முடிச்சு, பார் நுனிய ஒரு பழைய அட்டைக்கு நேரா, அதுல படாம காட்டி ஆக்ஸிலேட்டர் கொடுங்க, அட்டைல செயின் ஆயில் தெறிச்ச கோடு விழணும். விழலன்னா மரத்துல வைக்காதீங்க, செயின் ஆயில் டேங்க் உள்ள இருக்குற ஃபில்டர பாருங்க.