மட்டக்களப்பு – இரத்மலானை: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் கணிக்கும் முறை

மட்டக்களப்பு, திமிலைதீவு விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானை விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால் இணையம் உடனே ஓர் எண்ணைத் தந்துவிடும். ஆனால் அதனுடன் வரும் பயண நேரம் பெரும்பாலும் பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தை வைத்துக் கணிக்கப்பட்டிருப்பதால், அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடுவது சரியாகாது. சாதாரண தரக் கணிதம் படித்தவர் எவரும் இதைத் தாமே கணித்துக்கொள்ளலாம்.

மட்டக்களப்பு நிலையம் வட அகலாங்கு 7.71 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 81.68 பாகையிலும் உள்ளது. இரத்மலானைக்கு அவை முறையே 6.82, 79.89 ஆகும். அகலாங்கில் ஒரு பாகை ஏறத்தாழ 60 கடல்மைல் (ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர்) என்பதால், அகலாங்கு வித்தியாசமான 0.89 பாகையை 60 ஆல் பெருக்கினால் 53 கடல்மைல் கிடைக்கும். நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிச் செல்வதால், 1.79 பாகையை 60 ஆல் பெருக்கியபின் சராசரி அகலாங்கின் கோசைனான 0.992 ஆலும் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 106.5. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணியின் பக்கங்களாகக் கொண்டு பைதகரசு தேற்றத்தைப் பயன்படுத்தினால் 119 கடல்மைல், அதாவது 220 கிலோமீற்றர் வரும். புவியின் வளைவு இந்தச் சிறிய தூரத்தில் பொருட்படுத்தத்தக்கதன்று.

நேரத்தைக் கணிக்க முன்னர் விமானத்தின் வகையைக் கேட்டறிதல் வேண்டும். செஸ்னா கரவான் போன்ற ஒற்றை இயந்திர விமானம் 170 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 170 கடல்மைல் வேகத்தில் பறப்பதாகக் கொண்டால், 119 ஐ 170 ஆல் வகுக்க 42 நிமிடங்கள் கிடைக்கும். ஆயினும் நேர்கோடு மகாஓயா, மகியங்கனைப் பக்கமாகச் சென்று, நக்கிள்ஸ் மலைத்தொடரை வலப்புறம் விட்டு, கண்டிக்குச் சற்றுத் தெற்கே மலையகத்தைக் கடக்கிறது. எனவே உயரம் ஏறவும், மறுபுறம் இறங்கி ஓடுபாதைக்கு நேராக வரவும், தரையில் ஊர்ந்து செல்லவுமாகப் பத்துப் பதினைந்து நிமிடங்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பிற்பகலில் மலைமேல் முகில் திரண்டிருந்தால் விமானி சுற்றிச் செல்லவும் கூடும்.

காற்றையும் மறக்கக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்றான கச்சான் வீசும் மாதங்களில் மேற்கே செல்லும் விமானத்திற்கு அது எதிர்க்காற்று. இருபது நொட் எதிர்த்தால் வேகம் 150 ஆகக் குறைந்து, அந்த 42 நிமிடங்கள் 48 ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் 38 நிமிடங்கள் போதும். ஆகவே போகும் நேரத்தையே வரும் நேரமாகவும் எழுதி வைப்பது கச்சான் காலத்தில் பொருந்தாது.

அம்பாறையில் உகணைப் பக்கமுள்ள கல்லோயா ஓடுபாதையிலிருந்து கணித்தால் தூரம் 108 கடல்மைலாகச் சுருங்கும். ஆனால் அந்தக் கோடு 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையை அண்டிச் செல்வதால், குறைந்த பதினொரு கடல்மைல் முழுவதும் நேர மிச்சமாகிவிடும் என்று எதிர்பார்க்க இயலாது.

வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்கச் செல்வோர் தமது விமானம் இறங்குவது இரத்மலானையிலா, வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் புறப்படும் கட்டுநாயக்காவிலா என்பதைப் பயணச்சீட்டில் முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நெட்டாங்கில் இருப்பதால், 0.36 பாகை அகலாங்கு வித்தியாசத்தை 111 ஆல் (ஒரு பாகைக்குரிய கிலோமீற்றர்) பெருக்கினாலே இடைத்தூரம் நேர்கோட்டில் 40 கிலோமீற்றர் என்பது தெரியும். அதைக் கொழும்பின் வாகன நெரிசலுக்கூடாகக் கடக்க, மலையகத்தைத் தாண்டி வந்த நேரத்தைவிட அதிகம் செல்லலாம்.