கரிசல் மேய்ச்சல் நிலத்தில் குழி வெட்டி மண்ணைப் பார்ப்பது எப்படி?

கரிசலில் குழி வெட்ட ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. நிலம் வாய் பிளந்து கிடக்கும் நேரம். இது எனக்குத் தப்பு செய்துதான் தெரிந்தது. விளாத்திகுளம் பக்கம் என் முதல் குழியைக் கார்த்திகையில் வெட்டினேன். மண்வெட்டி இறங்கியதும் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் அப்பிய மண்ணைக் குச்சியால் வழிக்க வேண்டியிருந்தது. குழிச் சுவர் கண்ணாடி மாதிரி மின்னியதைப் பார்த்து, பாடத்தில் படித்த வழுக்குத் தளம் (மண் பாளங்கள் ஒன்றோடொன்று உரசிச் சறுக்கிய வழவழப்பான முகம்) இதுதான் என்று நோட்டில் எழுதிவைத்தேன். அது மண்வெட்டி தேய்த்த மெருகு!

உழுத காட்டில் மேலே ஒரு சாண் ஆழ மண்ணை டிராக்டர் கலக்கியிருக்கும். அதனால் பல வருஷம் கலப்பை படாத மேய்ச்சல் தரையாகத் தேடுங்கள். கொழுக்கட்டைப் புல்லும் ஊசிப்புல்லும் நின்றால் நல்லது. சீமைக்கருவேலம் பக்கத்தில் வேண்டாம். அதன் வேர் ஈரத்தை உறிஞ்சி வெடிப்பின் போக்கையே மாற்றிவிடும். புறம்போக்கு என்றால் ஊரில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சொல்லாவிட்டாலும் ஆடு மேய்க்கிறவர் வந்து, "என்ன தம்பி, பொதையலா தோண்டுறீக?" என்று கேட்பார்.

வெட்டுவதற்கு முன் வெடிப்பை அளந்துவிடுங்கள். இரண்டு குடைக்கம்பியைச் சேர்த்துக் கட்டி உள்ளே விடுவேன். வெடிப்பு நேராக இறங்காது, வளைந்து போகும். அதனால் உண்மையான ஆழம் கம்பி காட்டுவதைவிடக் கூடுதல்தான். அரை மீட்டர் ஆழத்திலும் ஒரு செ.மீ. அகலம் இருந்தால் அது அசல் வெடிக்கும் களிமண், வெர்டிசால் வகை. 'திருப்பு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். காரணத்தைக் குழியிலேயே பார்க்கலாம்.

ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் போதும். வெடிப்புக்குக் குறுக்காக வெட்டுங்கள். புல்லைப் பத்தையாகப் பெயர்த்துத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை இன்னொரு பக்கமும் குவியுங்கள். காய்ந்த சுவர் பாளம் பாளமாகச் சரியும். இடுப்புக்கு மேல் இறங்கினால் மேலே ஓர் ஆள் நிற்கட்டும். வெயில் விழும் சுவரில் மண்வெட்டித் தடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கத்தி முனையால் கட்டிகளை நெம்பி எடுங்கள். அறுக்கக் கூடாது. அறுத்தால் நான் ஏமாந்த மாதிரிதான் ஏமாறுவீர்கள்.

மேலே நாலைந்து செ.மீ. அரிசிக் குருணை மாதிரி உதிரும். நனைந்து காய்ந்து மண் தானே நொறுங்கிக்கொள்வது அது. புல்வேர் பின்னிப் பிடித்திருக்கும். அதற்குக் கீழே ஒரு அடி வரை கடினக் கட்டி. நான் அதிக நேரம் உட்கார்வது அதற்கும் கீழேதான். அங்கே கட்டிகள் ஆப்பு வடிவில் சாய்ந்திருக்கும். ஒன்றை நெம்பினால் சாய்ந்த முகம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக, ஒரே திசையில் மெல்லிய கீறல்களோடு தெரியும். உண்மையான வழுக்குத் தளம் இதுதான். புல்வேர் உருண்டையாக இல்லாமல் அந்த முகத்தோடு நசுங்கிப் பட்டையாக ஒட்டியிருக்கும்.

இந்த மண்ணின் களித்துகள் நீரை அடுக்குகளுக்கு நடுவே இழுத்து ஊதும். கோடையில் மேல்மண் வெடிப்புக்குள் கொட்டிவிடுகிறது. மழையில் ஊத இடமில்லாமல் பாளங்கள் ஒன்றையொன்று நெருக்கிச் சறுக்குகின்றன. ஒரு குழியில் இரண்டடி ஆழத்தில் ஆட்டுப் புழுக்கை கிடைத்தது. மேலே இருந்தது கீழே போகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இன்னும் கீழே நிறம் சற்று வெளுத்து, வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வரும். வினிகர் இரண்டு சொட்டு விட்டால் நுரைக்கும். சுண்ணாம்பு.

கருப்பாக இருப்பதால் மக்கிய இலைதழைச் சத்து நிறைய இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான கரிசலில் கரிமச் சத்து ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. இருக்கிற கொஞ்சமும் களியோடு இறுகி ஒட்டியிருப்பதால்தான் அந்த நிறம்.

அப்புறம் மூன்று சின்னச் சோதனைகள். மண்ணை நீர் விட்டுப் பத்து நிமிஷமாவது பிசைந்து, கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளுங்கள்; 7.5 செ.மீ.க்கு மேல் அறாமல் நீண்டால் கனத்த களி. இன்னொரு பிடியைப் 10 செ.மீ. குச்சியாக உருட்டி நிழலில் காயவைத்து அளந்தால் சுருக்கம் தெரியும். என் குச்சி எட்டரைக்கு வந்தது.

மூன்றாவது கண்ணாடி டம்ளர் சோதனை. புல்தரை மண்ணில் ஒரு கட்டி, பக்கத்து உழவுக் காட்டு மண்ணில் ஒரு கட்டி, இரண்டும் பட்டாணி அளவு. தனித்தனி டம்ளரில் மழைநீரில் போட்டு அசைக்காமல் வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு முடிவைக் கெடுக்கும். உழவு மண் சீக்கிரம் பொலபொலவென உதிர்ந்துவிடும். வேர் கட்டிய புல்தரை மண் வெகுநேரம் தாங்கும். இரண்டு மணி நேரம் கழித்துச் சுற்றிலும் பால் கலந்ததுபோல் கலங்கினால் சோடியம் கூடுதல், அதாவது களர். அடிமண்ணையும் போட்டுப் பாருங்கள். மேலே நல்லபடி இருந்து கீழே கலங்குவது உண்டு.

குழியை அன்றைக்கே மூடிவிடுங்கள், இரவில் ஆடு விழும். அடிமண் முதலில், மேல்மண் கடைசியில், அதன் மேல் எடுத்து வைத்த புல் பத்தை. காய்ந்த கரிசல் மிதித்தால் இறுகாது. ஒரு சாண் மேடாகவே விடுங்கள், ஐப்பசி மழையில் தானாக அமுங்கிவிடும்.