நெடும்பயண மோட்டார் சைக்கிள்: அன்றாட ஓட்டமும் வீட்டுப் பராமரிப்பும்

நெடும்பயணத்துக்கென வடிவமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவர்களில் பலர், அதை ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே தொலைதூரம் ஓட்டுகிறார்கள். மற்ற நாட்களில் அதே வண்டி வேலைக்கும் கடைக்கும் போய்வருகிறது. ஆயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடுவதைவிட, ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தை இருநூறு முறை ஓடுவதே அதன் எஞ்சினுக்குக் கூடுதல் கேடு செய்கிறது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்கு முன்பே அணைக்கப்படும்போது, எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாமல் எஞ்சிய பெட்ரோலும் ஆயிலோடு கலந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. ஸ்டார்ட் செய்வதற்குப் பேட்டரி செலவிட்ட மின்சாரம் சில நிமிட ஓட்டத்தில் முழுமையாகத் திரும்பிச் சேர்வதில்லை. சைலன்சருக்குள் தேங்கும் நீர் உட்புறத்தை அரிக்கிறது.

ஆகவே உரிமையாளர் கையேட்டில் ஒவ்வொரு பராமரிப்பு வேலைக்கும் எதிரே கிலோமீட்டர், மாதம் என இரண்டு கணக்குகள் தரப்பட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அதையே பின்பற்ற வேண்டும். குறுகிய தூரம் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் மாதக் கணக்கே முந்திக்கொள்ளும். வாரத்தில் ஒரு முறையாவது அரை மணி நேரம் இடைவிடாமல் ஓட்டுவது நல்லது. ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகி வெளியேற அது உதவும். நிறுத்திய இடத்திலேயே நெடுநேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவது இதற்கு ஈடாகாது. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர்கள் ஆக்சிலரேட்டரை அதிகம் முறுக்காமல் போவதே சரியான முறை.

எடையோடு பழகுதல்

இவ்வகை வண்டிகளில், தொட்டி நிறையப் பெட்ரோலோடு 250 கிலோவை ஒட்டிய எடை சாதாரணம். ஆறு சிலிண்டர் கொண்ட ஹோண்டா கோல்ட் விங் போன்றவை 350 கிலோவையும் தாண்டும். வேகமாகப் போகும்போது இந்த எடை தெரிவதில்லை. நெரிசலிலும், திரும்பும் இடத்திலும், நிறுத்தும் இடத்திலும்தான் அது தன் பலத்தைக் காட்டும். நடை வேகத்தில் வண்டியை நிமிர்த்தி வைக்க மூன்று செயல்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: கிளட்சைப் பாதி பிடித்த நிலையில் வைத்திருத்தல், எஞ்சின் அணையாத அளவுக்கு ஆக்சிலரேட்டரைச் சற்றே திறந்து வைத்தல், பின் பிரேக்கை மெல்ல அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துதல். பார்வை முன் சக்கரத்தின் மீது விழாமல், போக வேண்டிய இடத்தின் மீது நிலைத்திருக்க வேண்டும்.

ஹேண்டில்பார் திரும்பியிருக்கும் நிலையில், மிகக் குறைந்த வேகத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால், வண்டி திரும்பிய பக்கமாகச் சாய்ந்துவிடும். சாய்வு ஓரளவுக்கு மேல் போய்விட்டால் 250 கிலோவை ஒற்றைக் காலால் தாங்க முடியாது. எனவே நிற்பதற்கு முந்தைய கடைசி ஓரடியில் ஹேண்டில்பாரை நேராக்கிக்கொள்வதைப் பழக்கமாக்க வேண்டும். ஆளில்லாத திடலில் வட்டமாகவும் எட்டு வடிவிலும் ஓட்டிப் பழகுவதைவிடச் சிறந்த பயிற்சி இதற்கு இல்லை. அன்றாட நெரிசலில் இந்தப் பழக்கம் படிந்துவிட்டால், மலைப்பாதையின் குறுகிய கொண்டையூசி வளைவில் கைகள் தாமாகவே சரியானதைச் செய்யும்.

வேகம் கூடியபின் வண்டியைத் திருப்பும் விதமே வேறு. வலப்புறம் போக வலது கைப்பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ள வேண்டும். வண்டி வலப்புறம் சாய்ந்து, வளைவை எடுத்துக்கொள்ளும். எடை கூடிய வண்டியை உடலைச் சாய்த்து மட்டும் விரைவாகத் திருப்பிவிட முடியாது என்பதால், இதை அறிந்தே செய்யப் பழக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்கு நகர்வதால், முன் பிரேக்கைத் திடீரென இழுக்காமல், எடை நகர நகர அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து வண்டி நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பின்னால் ஒருவர் அமர்ந்து, பெட்டிகளும் நிறைந்திருக்கும்போது பின் சக்கரத்தின் மீது எடை கூடுகிறது. அப்போது பின் பிரேக் தனியாக ஓட்டும்போது இருப்பதைவிடக் கூடுதலாகப் பயன் தரும்.

சுமையைப் பொறுத்தவரை, கனமானவை பக்கப்பெட்டிகளின் அடியிலும், இலேசானவை மேற்பெட்டியிலும் இருக்க வேண்டும். பின் அச்சுக்கும் பின்னால் உயரத்தில் வைக்கப்படும் எடை முன் சக்கரத்தின் பிடிப்பைக் குறைத்து, வேகத்தில் ஹேண்டில்பாரை ஆடச் செய்யும். சுமை ஏறும்போது பின் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் இறுக்கத்தையும் டயர் காற்றையும் கூட்ட வேண்டும் என்பதைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். பயணம் முடிந்தபின் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். காலிப் பெட்டிகளோடு நெரிசலில் ஓட்டுவதும் தேவையற்றது. அவை வண்டியின் அகலத்தைக் கூட்டுவதோடு, குறுக்குக் காற்றையும் வாங்கிக்கொள்ளும்.

கருவிகள்

வீட்டில் பராமரிக்க முடிவு செய்தவர் முதலில் வாங்க வேண்டியது, தன் வண்டிக்கான சர்வீஸ் கையேடும் போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் நல்ல டார்க் ரெஞ்சும் ஆகும். மோட்டார் சைக்கிளின் பெரும்பாலான போல்ட்டுகள் அலுமினிய மரைகளில் இறங்குகின்றன. 6 மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் போதுமானது. சாதாரண ஸ்பானரைக் கையில் எடுத்தவர் தம்மை அறியாமலே அதைத் தாண்டிவிடுவார். மரை ஒருமுறை போய்விட்டால், ஆயில் மாற்றும் சிறு வேலையே பெரும் செலவாகிவிடும். இவற்றோடு துல்லியமான டயர் காற்றழுத்த மானியும் பேட்டரியின் வோல்ட்டை அளக்க ஒரு மல்டிமீட்டரும் இருந்தால், இந்தக் கட்டுரை சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்குப் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்ட் தேவைப்படும்.

டயர்

டயர் காற்றை வண்டி ஓடாமல் நின்று ஆறிய நிலையில்தான் அளக்க வேண்டும். ஓடிய டயரில் அழுத்தம் கூடியிருக்கும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், ஆறியபின் டயரில் குறைந்த காற்றே இருக்கும். பல நெடும்பயண வண்டிகளுக்கு முன்னால் 36, பின்னால் 42 பி.எஸ்.ஐ. என்ற அளவு பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் உங்கள் வண்டியில் ஒட்டப்பட்டிருக்கும் அளவே உங்களுக்குரியது; டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு மட்டுமே. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினாலே அழுத்தம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை குறையும் என்பதால், பருவம் மாறும் வேளைகளில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் நேராக ஓடிய பின் டயர், நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்படித் தேய்ந்த டயரில், வளைவில் நுழையும்போது வண்டி முதலில் சாய மறுத்து, பிறகு திடீரென விழுவதுபோலச் சாயும். பள்ளங்களின் அடியில் சிறு மேடுகளாக இருக்கும் தேய்மானக் குறிகளை நடுப்பகுதி எட்டும்வரை காத்திருக்காமல், இந்த மாற்றம் கைக்குத் தெரியத் தொடங்கும்போதே புது டயரைப் பற்றி யோசிக்கலாம். டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றிருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

செயின்

வீட்டுப் பராமரிப்பில் அதிகக் கவனம் கேட்பதும், அந்தக் கவனத்துக்கு அதிகப் பலன் தருவதும் செயின்தான். இன்றைய செயின்களின் இணைப்புகளுக்குள் கிரீஸ் அடைக்கப்பட்டு, அது வெளியேறாதபடி சிறு ரப்பர் வளையங்களால் மூடப்பட்டிருக்கிறது. நாம் வெளியே பூசும் ஆயில் அந்த வளையங்கள் காயாமல் இருக்கவும், துரு பிடிக்காமல் இருக்கவும், செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் உராய்வு குறையவுமே உதவுகிறது. எனவே அந்த வளையங்களைக் கெடுக்கும் பெட்ரோல், கம்பி பிரஷ் இரண்டையும் செயினிடம் கொண்டுபோகக் கூடாது. மண்ணெண்ணெயோ, செயினுக்கென விற்கப்படும் திரவமோ, மென்மையான பிரஷ்ஷும் போதும். பின் சக்கரத்தைக் கையால்தான் சுழற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயினைத் துடைப்பவரின் விரல் ஸ்பிராக்கெட்டுக்கு இடையே போய்விட ஒரு நொடி போதும். இதில் எந்த விதிவிலக்கும் கிடையாது.

ஓட்டி முடித்து, செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலைக் கீழ்ப்பகுதியின் உட்புறத்தில் பூசினால், அடுத்த ஓட்டத்தில் அது வெளிப்புறம் நோக்கிப் பரவும். 500 முதல் 1000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்த ஒவ்வொரு முறையும் இதைச் செய்யலாம்.

தளர்வை அளக்கும்போது சக்கரத்தைச் சுழற்றிப் பல இடங்களில் பார்க்க வேண்டும். செயின் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மிக இறுக்கமான இடத்தை வைத்தே அளவைச் சரிசெய்ய வேண்டும். பல வண்டிகளுக்கு 30 முதல் 40 மி.மீ. தளர்வு சொல்லப்பட்டாலும், சைடு ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பதா, சென்டர் ஸ்டாண்டில் அளப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். தளர்ந்த செயினைவிட அதிகம் இறுக்கிய செயினே ஆபத்தானது. பின் சஸ்பென்ஷன் அழுந்தும்போது முன் ஸ்பிராக்கெட்டுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. அப்போது தளர்ந்து கொடுக்க இடமில்லாத செயின், கியர்பாக்ஸின் பேரிங்கை இழுத்துப் பழுதாக்கும். பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து இழுத்தால், பல்லின் பாதி அளவு வெளியே தெரிந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. அப்போது செயினையும் இரு ஸ்பிராக்கெட்டுகளையும் ஒருசேர மாற்ற வேண்டும். கொக்கிபோல் வளைந்த பழைய பற்கள் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும்.

செயினுக்குப் பதிலாகச் சுழலும் தண்டால் பின் சக்கரத்தை இயக்கும் ஷாஃப்ட் டிரைவ் கொண்ட வண்டிகளுக்கு இத்தனை வேலை இல்லை. பி.எம்.டபிள்யூ 1923-இல் வெளியிட்ட தன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32-இலேயே அந்த முறையைத்தான் வைத்திருந்தது. பின் சக்கரத்தருகே உள்ள கியர் பெட்டியின் ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றி, சீல்களில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆயிலும் பிரேக்கும்

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் இயங்குகின்றன. ஆகவே டப்பாவின் மீது ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவத் தொடங்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது பழைய ஆயிலை வடித்து, டிரைன் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போட்டு, ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது புது ஆயிலைத் தடவிப் பொருத்த வேண்டும். வடித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், பழைய ஆயில் சேகரிப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பிரேக் பேடின் தேயும் பகுதி 2 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால், நீண்ட பயணத்துக்கு முன் மாற்றிவிடுவது நல்லது. ஆனால் பேடைவிட அதிகம் புறக்கணிக்கப்படுவது, லீவரின் அழுத்தத்தைப் பேடுகளுக்குக் கடத்தும் திரவமான பிரேக் ஃப்ளூயிட்தான். அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும். டாட் 4 என்ற ஃப்ளூயிட் வகைக்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 டிகிரி. சுமையோடு நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கையே நம்பி இறங்கும்போது, பழைய ஃப்ளூயிட் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகி, லீவர் பிடிமானமின்றி உள்ளே போய்விடும். கியரைக் குறைத்து எஞ்சினின் இழுவையால் இறங்குவதும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஃப்ளூயிட்டை மாற்றுவதும் இதற்கான தீர்வுகள். ஃப்ளூயிட் பெயின்ட்டைக் கரைத்துவிடும் என்பதால், சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவ வேண்டும். பேட் மாற்றியபின் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, லீவர் கெட்டிப்படும்வரை பலமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

கூலன்ட் அளவை எஞ்சின் ஆறியபின் பார்ப்பது, ஏர் ஃபில்டரைத் தூசி மிகுந்த சாலைகளுக்குப் பின் சோதிப்பது, கேபிள் முனைகளில் இழைகள் அறுந்துள்ளனவா என்று பார்ப்பது ஆகியவை எளிய வேலைகள். வால்வு இடைவெளியைச் சரிசெய்தல், முன் ஃபோர்க்கின் ஆயில் சீல், ஏ.பி.எஸ். பகுதியில் காற்றை வெளியேற்றுதல் போன்றவற்றை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே என் பரிந்துரை.

நிறுத்தி வைக்கும்போது

வண்டி சில மணி நேரம் நின்றபின், நல்ல நிலையில் உள்ள ஈய அமிலப் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்ட வேண்டும், 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வராவிட்டால், குறை பேட்டரியில் இல்லாமல் சார்ஜ் ஆகும் அமைப்பில் இருக்கக்கூடும். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் எதிர்மின் (நெகட்டிவ்) முனையையும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் தொட வேண்டும். ஓரிரு மாதங்கள் ஓட்டாமல் வைப்பதானால், இரும்புத் தொட்டியில் பெட்ரோலை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படிய இடம் குறையும். ஆயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்; பழைய ஆயிலில் உள்ள அமிலத்தன்மை பேரிங்குகளை அரிக்காமல் இருக்க அதுவே வழி. மீண்டும் எடுக்கும் நாளில் டயர் காற்று, பிரேக் லீவரின் இறுக்கம், செயினின் தளர்வு, எல்லா விளக்குகளும் எரிவது ஆகிய நான்கையும் பார்த்தபின், அருகிலேயே சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டித் திரும்பி, எங்காவது கசிவு இருக்கிறதா என்று வண்டியின் அடியில் ஒருமுறை பார்த்துவிட்டு நெடுஞ்சாலைக்குப் போகலாம்.