கொழும்பு வெக்கையில் வீட்டைக் குளிர்விக்கப் போய்ச் செய்கிற தவறுகள்

ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாகக் கடந்து போகிறது. கொழும்புக்கு அது ஏழாம் திகதியை ஒட்டி வரும். அன்று நடுப்பகலில் மதிலோரம் ஒதுங்கக்கூட நிழல் இருக்காது. ஆனால் வெப்பமானி 32 பாகைதான் காட்டும், மிஞ்சிப் போனால் 33, 34. டெல்லியில் இருப்பவரிடம் சொன்னால் சிரிப்பார். இங்கே அவிச்சல் தாங்க முடியாமல் போவதற்குக் காரணம் காற்றிலுள்ள ஈரம். ஈரப்பதன் 75, 80 சதவீதத்தில் நிற்கும்போது வேர்வை லேசில் காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. இரவிலும் வெப்பம் 25 பாகைக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை.

இதை யோசிக்காமல் வாட்ஸ்அப்பில் வருகிற குறிப்புகளை அப்படியே செய்து பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவற்றில் பாதி வறண்ட ஊர்களுக்கும் குளிர் நாடுகளுக்கும் எழுதப்பட்டவை. தெற்குப் பக்க யன்னலை மறைக்கச் சொல்வது ஐரோப்பாவுக்குச் சரி. கொழும்பிலோ ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் முடியும் வரை நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும்.

யன்னலைச் சாத்துகிற நேரம்

பகல் முழுக்க வீட்டைப் பூட்டி வைத்து இரவில் திறக்கும் முறை, பகலுக்கும் இரவுக்கும் பதினைந்து பாகை வித்தியாசம் இருக்கிற ஊர்களில் நன்றாக வேலை செய்யும். இங்கே அந்த வித்தியாசம் ஏழு, எட்டுப் பாகைதான். பூட்டிய வீட்டுக்குள் குசினி ஆவி, பிரிட்ஜ் கக்குகிற சூடு, ஆட்களின் மூச்சு எல்லாம் சேர்ந்து பின்னேரம் நாலு மணிக்கு வெளியைவிட உள்ளே மோசமாகிவிடும். வெய்யில் விழுகிற பக்கத்தை மட்டும் மறைத்து, நிழல் பக்கத்தைத் திறந்து வைப்பதுதான் நம் ஊருக்குப் பொருந்தும்.

அதைவிடப் பெரிய தவறு ஆறு மணிக்கு நடக்கிறது. நுளம்பு வரும் என்று வீடு முழுக்க யன்னல்களை அடித்துச் சாத்துகிறோம். போதாக்குறைக்கு விளக்கு வைக்கிற நேரம் லட்சுமி வெளியே போய்விடக் கூடாதென்று பின்கதவையும் பூட்டிவிடுவார்கள். வெளிக்காற்று குளிரத் தொடங்கும் நேரமும், சுவரும் கூரையும் பகல் முழுக்கக் குடித்த சூட்டை உள்ளே கக்குகிற நேரமும் அதுதான். டெங்கு இருக்கிற ஊரில் நுளம்பைச் சட்டை செய்யாதீர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் யன்னலுக்கு வலை அடிக்கலாம். அடித்த வலையைக் கழுவ வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. காலி வீதிப் பக்கத்து வீடுகளில் வலையை விரலால் தடவிப் பாருங்கள், கறுப்பாக வரும். அந்தத் தூசு வலையின் ஓட்டைகளை அடைத்தால் காற்று எப்படி வரும்? லட்சுமியைப் பொறுத்தவரை, விளக்கு வைத்துக் கும்பிட்டு முடிந்ததும் பின்கதவைத் திறந்தால் அவளும் கோபிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைத் தொடர்மாடிகளில் இன்னொரு சிக்கல். கடல் மேற்கே இருப்பதால் பகலில் கடற்காற்றும் பின்னேர வெய்யிலும் ஒரே யன்னலால் வருகின்றன. தடித்த திரையைப் போட்டு மூடினால் காற்றும் நின்றுவிடும். வெய்யிலும் முழுதாக நிற்காது: கண்ணாடியைத் தாண்டி வந்த வெய்யில் திரையைச் சுட வைக்கும், சுட்ட திரை அறையைச் சுட வைக்கும். வெய்யிலைக் கண்ணாடிக்கு வெளியே மறிக்க வேண்டும். பல்கனியில் மூங்கில் தட்டியை முக்கால்வாசி இறக்கி, கீழே இடைவெளி விட்டால் காற்று அதன் வழியாக வந்து போகும். ஆனால் வந்த காற்று வெளியேறக் கிழக்குப் பக்கமும் ஒரு வழி வேண்டும். படிக்கட்டுப் பக்கத்துக் கதவுக்குக் கம்பிக் கதவு ஒன்று போட்டால் அதுவே போதும்.

தலைக்கு மேலே இருப்பதை மறப்பது

மேல்மாடி அனெக்ஸில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும்: இரவு ஒன்பது மணிக்கு ரோட்டில் நின்றால் சுகமாக இருக்கும், அறைக்குள் போனால் மூச்சு முட்டும். நாலைந்து அங்குல கொங்கிரீட் சிலாப் நடுப்பகலில் வாங்கிய சூட்டை மெதுவாகக் கீழே அனுப்பி, இருட்டிய பிறகுதான் அறைக்குள் கொண்டுவந்து கொட்டும். சூரியன் உச்சிக்கு மேலே போகிற ஊரில் எந்தச் சுவரையும்விடக் கூரைதான் அதிகம் வெய்யில் வாங்குகிறது. சித்திரை வருஷத்துக்குச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கச் செலவழிக்கிற காசில் ஒரு பகுதியைச் சிலாப்பின் மேலே வெள்ளை பூசச் செலவழித்தால் பலன் அதே மாதம் தெரியும். ஈரக்கசிவுக்குப் பூசுகிற பூச்சிலேயே வெள்ளை நிறம் கிடைக்கிறது. பலர் அதைச் சாம்பல் நிறத்திலும் சிவப்பிலும் வாங்கிப் பூசிவிட்டு, வீடு சுடுகிறதே என்கிறார்கள். பூசியதோடு விட்டுவிடவும் கூடாது. கொழும்பு மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும், வருஷத்துக்கு ஒரு முறையாவது கழுவ வேண்டும்.

ஆனால் பழைய அஸ்பெஸ்டஸ் சீற் கூரையில் இந்தக் கழுவல் வேலையை நீங்களே செய்ய வேண்டாம். தும்புத் தூரிகையால் தேய்ப்பது, அழுத்தத்தோடு தண்ணீர் அடிப்பது, துளை போடுவது எல்லாம் நுண்ணிய நார்களைக் கிளப்பிவிடும். அவை நுரையீரலுக்குள் போனால் திரும்பி வருவதில்லை. அப்படிப்பட்ட கூரைக்குக் கீழே சீலிங் அடித்து, இடையே வெள்ளி நிறத் தகட்டுத்தாள் விரிப்பது நல்லது. அந்தத் தாளைச் சீற்றோடு ஒட்ட வைத்துவிட்டால் பெரும்பாலும் காசு வீண். பளபளப்பான பக்கத்துக்கு எதிரே ஒரு அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்.

சூடான சிலாப்புக்குக் கீழே சீலிங் ஃபேனை முழு வேகத்தில் விடுவதும் யோசிக்க வேண்டியதுதான். மேலே தேங்கிய சூட்டை அது கட்டிலுக்கு இறக்கிக் கொண்டுவரும். இரவு முதல் இரண்டு மணி நேரம் ஒரு நிலைஃபேனை யன்னலை நோக்கி வைத்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளுங்கள். அப்புறம் சீலிங் ஃபேனைப் போடலாம்.

ஏர் கூலரும் ஐஸ் கிண்ணமும்

சித்திரை மாதம் கடைகளில் அதிகம் விலைப்படுகிற ஏமாற்றம் ஏர் கூலர். அது தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. ராஜஸ்தானில் 40 பாகையும் 15 சதவீத ஈரப்பதனும் இருக்கும்போது 14, 15 பாகை குறைத்துக் காட்டும். கொழும்பில் 31 பாகை, 75 சதவீதம் என்றால் கோட்பாட்டளவில்கூட 27க்குக் கீழே போக முடியாது. நடைமுறையில் மூன்று பாகை குறைந்தால் பெரிய விஷயம். அதற்கு விலையாக அறையின் ஈரம் ஏறிவிடும். அரை மணி நேரத்தில் தலையணை பிசுபிசுக்கும், பிறகு அலுமாரியில் பூஞ்சணம் வரும்.

ஃபேனுக்கு முன்னால் ஐஸ் வைப்பது இன்னும் வேடிக்கை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சுகிற வெப்பம் ஒரு யூனிட் மின்சாரத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 12,000 பி.ரி.யு. (ஏசியின் குளிர்விக்கும் திறனைச் சொல்கிற அளவு) ஏசி ஒரு மணி நேரத்தில் வெளியேற்றுகிற வெப்பத்துக்கு ஈடு கட்ட 38 கிலோ ஐஸ் வேண்டும். அந்த ஐஸை உறைய வைக்கும்போது, அது பிறகு உறிஞ்சப் போவதைவிட அதிக வெப்பத்தை உங்கள் பிரிட்ஜ் குசினிக்குள் விட்டிருக்கும்.

ஈரத்தைக் கூட்டுகிற மற்ற வேலைகளையும் பாருங்கள். மழைக்குப் பயந்து அறைக்குள் உடுப்புக் காயப்போட்டால் அதிலுள்ள தண்ணீர் முழுக்க அறைக் காற்றுக்குள்தான் போகும். புட்டும் இடியப்பமும் அவிக்கிற நேரம் குசினிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவு சாத்தியிருக்க வேண்டும், குசினி யன்னல் திறந்திருக்க வேண்டும். பல வீடுகளில் நேர்மாறாக இருக்கும்.

ஏசி வாங்கினால்

ரிமோட்டில் 18 என்று அழுத்தினால் கெதியாகக் குளிரும் என்பது பரவலான நம்பிக்கை. 26க்கு வைத்தாலும் அறை அதே வேகத்தில்தான் குளிரும், 26 வந்ததும் இயந்திரம் ஓய்வெடுக்கும், அவ்வளவுதான். இந்தியாவில் 2020 முதல் புது அறை ஏசிகள் தானாக 24 பாகையில் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கே 26இல் வைத்து, மெதுவாக ஒரு ஃபேனும் போட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போர்வை வேண்டியிருக்கும்.

பெரிய ஏசி நல்லது என்று 10க்கு 10 அறைக்கு 18,000 பி.ரி.யு. மாட்டுவது கொழும்புக்கு இரட்டைத் தவறு. ஏசி ஓடுகிற நேரத்தில்தான் ஈரத்தை வடிக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரியாத பெரிய சாதாரண ஏசி ஐந்து நிமிடத்தில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரம் அப்படியே இருக்கும், அறை குளிராகவும் நசநசப்பாகவும் இருக்கும். உடனே இன்னும் குறைத்து 20க்கு வைப்போம். மேலே வெய்யில் வாங்கும் கூரை இல்லையென்றால் அந்த அளவு அறைக்கு 9,000 போதும்.

வெளி அலகை மூடிய பல்கனிக்குள்ளோ, இரண்டு கட்டடத்துக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய சந்திலோ வைக்கிறார்கள். தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு அது திணறும். கடலோர ஒழுங்கைகளில் உப்புக்காற்று அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். இடைக்கிடை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். உள்ளே இருக்கிற வடிகட்டியை நீங்களே இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவலாம்.

கரண்ட் பில்லைப் பற்றி யோசிக்கும்போது பொருளுக்கு எத்தனை யூனிட் என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்தப் பொருளால் எந்தப் படிக்குப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். வீட்டு மின்கட்டணம் 30, 60, 90, 120, 180 யூனிட் என்று படிபடியாக ஏறுகிறது, மாதாந்த நிலையான கட்டணமும் கூடவே ஏறும். விலைகள் அடிக்கடி மாறும். மாதம் 80 யூனிட் பாவிக்கிற வீட்டில் ஒரு 12,000 பி.ரி.யு. ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால், சராசரியாக 0.6 கிலோவாட் என்று வைத்துக்கொண்டாலும் 144 யூனிட் கூடும். மொத்தம் 224. உச்சிப் படிக்குப் போயாயிற்று.

இதே கணக்கைக் கீழ்நோக்கியும் போடலாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். இப்போது வருகிற, குறைந்த கரண்டில் ஓடுகிற பி.எல்.டி.சி. மோட்டர் ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். மூன்று ஃபேன் தினமும் பத்து மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 67 யூனிட் 27 ஆகிறது. 95 யூனிட் பாவிக்கிற வீடு 55க்கு இறங்கி, 60க்குக் கீழுள்ள கட்டணத்துக்கு வந்துவிடும். ஃபேன் விலை கூடத்தான். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: இருக்கிற ஃபேன் ஐந்தில் விட்டும் சோம்பிச் சுற்றினால், பெரும்பாலும் கெப்பாசிட்டர் (மோட்டர் சுற்ற உதவுகிற சின்னப் பாகம்) போயிருக்கும், அல்லது இறக்கைகளில் தூசு அப்பியிருக்கும். புது ஃபேனுக்குக் கடைக்குப் போகுமுன் தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கெப்பாசிட்டர் மாற்றப் பெரிய செலவில்லை.