காபிள்னா கல்லா, செருப்புத் தையலா? எல்லாரும் பண்ற தப்புங்க

இங்கிலீஷ்ல காபிள்னு (cobble) ஒரு வார்த்தை. தெருவுல பதிக்கிற உருண்டைக் கல்லும் அதுதான், பிஞ்ச ஷூவைத் தைக்கிறதும் அதுதான். உடனே நாம, கல்லு ரோட்டுல நடந்து செருப்பு பிஞ்சுது அதைத் தைச்சுக் குடுத்தவர் காப்ளர்னு ஒரு கதை கட்டிடுவோம், கேக்க ஜோராத்தான் இருக்கு, ஆனா ஆதாரம் கிடையாது. கல்லு காபிள் வந்தது பெரும்பாலும் உருண்டை, கட்டின்னு அர்த்தம் வர்ற 'காப்'ல இருந்து. தையல் காபிள் தலைகீழ் கேஸ்: காப்ளர்னு ஆளோட பேரு முதல்ல, வினைச்சொல்லை அதுல இருந்து பின்னாடி உருவி எடுத்திருக்காங்க. அந்தக் காப்ளர் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா டிக்‌ஷனரிக்காரங்களே கையை விரிக்கிறாங்க.

நம்ம ஊர் கப்பிதான் அங்க போய் காபிள் ஆச்சுன்னும் சொல்லிடாதீங்க (எனக்கே ஒரு தடவை தோணுச்சு). கப்பி ரோட்டுக் கல்லு உடைச்ச கல்லு, முனை காலைக் குத்தும். காபிள் ஆத்துத் தண்ணியில உருண்டு உருண்டு மழுங்கின கல்லு. சத்தம் ஒத்துப்போனா மட்டும் சொந்தம் ஆயிடாது.

கூழாங்கல்னு மொழிபெயர்க்கிறதும் முழுசா சரியில்ல. 1922ல வென்ட்வொர்த்னு ஒரு அமெரிக்க ஜியாலஜிஸ்ட் போட்ட அளவுப்படி 64 மில்லிமீட்டர்ல இருந்து 256 வரைக்கும்தான் காபிள், அதாவது டென்னிஸ் பந்துல ஆரம்பிச்சு ஃபுட்பாலைத் தாண்டி. அதுக்குச் சின்னது பெபிள், நாம கூழாங்கல்னு சொல்றது பெரும்பாலும் அதைத்தான். ஸ்காட்லாந்துல எடின்பரோ ராயல் மைல் தெருவுல போட்டோ எடுத்து 'காபிள்ஸ்டோன் ஸ்ட்ரீட்'னு போடுறாங்களே, அது செங்கல் மாதிரி செதுக்கின கல்லு, அதுக்குப் பேரு செட் (sett).

புது ஷூ செய்றவரைக் காப்ளர்னு சொல்றதும் தப்புதான். லண்டன்ல அவர் கார்ட்வெய்னர், ஸ்பெயின் கோர்டோபா தோல்ல இருந்து வந்த பேரு. பழசை ரிப்பேர் பண்றவர்தான் காப்ளர். அந்தக் காலத்துல அரைகுறை வேலைக்காரன்னும் அதுக்கு ஒரு அர்த்தம் உண்டு, ஷேக்ஸ்பியரோட ஜூலியஸ் சீசர் முதல் சீன்ல வர்ற காமெடியே அதை வச்சுத்தான்.

அந்த வாடை 'காபிள் டுகெதர்'ல இன்னும் போகல, இருக்கிறதை வச்சு அவசரமா ஒப்பேத்துனதுன்னு அர்த்தம். நான் இது தெரியாம, ராத்திரி பகலா உக்காந்து பண்ண ரிப்போர்ட்டை காபிள்டு டுகெதர்னு பெருமையா மெயில்ல போட்டேன். கிளையன்ட் ரிப்ளை ஒரே லைன்: சரி, ஒழுங்கான ரிப்போர்ட் எப்ப வரும்?