மலிவு டிப் தெர்மாமீட்டர்: சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சால்டரிங் அயர்ன் முனையின் சூட்டை அளக்கும் டிப் தெர்மாமீட்டர் இப்போது வேலை பழகுபவர்கள் கைக்கும் வந்துவிட்டது. ஹக்கோ எஃப்ஜி-100 என்ற ஜப்பானியக் கருவியின் உருவத்தில் வரும் நகல்கள், ஒரிஜினல் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் வாங்கிய முதல் வாரத்தில் அதை வைத்துப் புதியவர்கள் செய்வதைப் பார்த்தால், நாங்கள் வேலை பழகிய காலத்தில் பட்டறையில் நடந்த அதே தவறுகள் அப்படியே திரும்ப நடக்கின்றன. சூடான முனையைத் தொடாதே, பேட்டரியைத் தலைகீழாகப் போடாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. போர்டு கெட்ட பிறகும் காரணம் பிடிபடாத தவறுகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் இது.

கருவி வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் இருக்கும் சின்னப் பொட்டு, குரோமெல், அலுமெல் என்ற இரண்டு உலோகக் கலவைக் கம்பிகள் சேரும் இடம். கே வகை தெர்மோகப்பிள் என்பது இதுதான். கருவியில் மாட்டும் சென்சாரும் இதுதான். பொட்டு சூடானால் கம்பிகளின் மறுமுனைகளுக்கு இடையே மிகச் சிறிய மின்னழுத்தம் வரும். ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். பொட்டுக்கும் டெர்மினலுக்கும் (அந்த மறுமுனைகளைக் கருவியில் மாட்டும் இடம்) இடையே உள்ள சூட்டு வித்தியாசத்தைத்தான் அது சொல்கிறது. கருவி தன் டெர்மினல் பக்கத்துச் சூட்டைத் தனியாக அளந்து, அதையும் கூட்டித் திரையில் காட்டுகிறது. ஆகவே தப்பு மூன்று இடங்களில் வரலாம்: பொட்டு உண்மையிலேயே முனையின் சூட்டுக்கு வந்ததா, வந்த மின்னழுத்தத்தைக் கருவி சரியாக அளந்ததா, அறைச் சூட்டைச் சரியாகக் கூட்டியதா. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே எண்ணில் பார்த்துவிட்டு "கருவி சரி", "கருவி தப்பு" என்று முடிவு கட்டுவதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

குறைவாகக் காட்டியதும் ஸ்டேஷனைத் திருப்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்து வருபவர் இதைத்தான் செய்கிறார்.

எங்கள் பட்டறையில் வேலை பழக வந்த ஒரு தம்பி, புது தெர்மாமீட்டரை எடுத்து ஸ்டேஷனை, அதாவது அயர்னின் சூட்டை வைத்துக் கட்டுப்படுத்தும் பெட்டியை, சோதித்தான். ஸ்டேஷனில் 350 வைத்திருந்தான். கருவி 308 காட்டியது. உடனே சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஸ்டேஷனின் அளவு திருத்தும் ட்ரிம் பாட்டைக் கருவி 350 காட்டும் வரை திருப்பிவிட்டான். "அண்ணே, ஸ்டேஷன் 40 டிகிரி கம்மியா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்று சந்தோஷமாகத்தான் வந்து சொன்னான். அவன் சொன்னதை அன்றைக்கே நான் சோதிக்கவில்லை.

அடுத்த சில நாளில் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தொட்டவுடன் கருகிப் புகைந்தது. முனை கறுத்தது, ஈயம் (சால்டர்) ஒட்டாமல் உருண்டு விழுந்தது. அப்போது அவன் மறுபடியும் அளந்திருக்கிறான். கருவி முன்பைவிடக் குறைவாகக் காட்டவே, மறுபடியும் ட்ரிம் பாட்டைத் திருப்பியிருக்கிறான். கடைசியில் ஒரு வாடிக்கையாளரின் இன்வெர்ட்டர் கன்ட்ரோல் போர்டில் பேட்கள் (பாகங்களைப் பற்றவைக்கும் செம்புத் திட்டுகள்) ட்ராக்கோடு சேர்ந்து பெயர்ந்து வந்தன. அந்த போர்டு மாற்றுக்குக் கிடைக்கவில்லை. காசு கொடுத்து ஈடு செய்ய வேண்டியதாயிற்று.

ஸ்டேஷனில் முதலிலிருந்தே ஒரு கோளாறும் இல்லை. முனையில் ஈயம் பூசாமல், காய்ந்த உலோகத்தை காய்ந்த பொட்டின் மேல் வைத்து அளந்திருக்கிறான். இரண்டு கெட்டியான பொருள்கள் தொடும்போது உண்மையில் ஒன்றிரண்டு புள்ளிகளில்தான் தொடுகின்றன, மிச்சமெல்லாம் காற்று. அந்தச் சிறிய தொடர்பு வழியாக வருகிற சூட்டையும் சென்சாரின் கம்பிகள் வெளியே கடத்திக்கொண்டே இருக்கும். அதனால் பொட்டு முனையின் சூட்டை எட்டவே எட்டாது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தொட்டு அளக்கும் முறையில் வரும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கம்தான் சாய்கின்றன. முனை கறுத்திருந்தால் குறைவாகக் காட்டும். ஈயம் இல்லாவிட்டால் குறைவு. பொட்டில் கருகிய ஃப்ளக்ஸ் படிந்திருந்தால் குறைவு. ஊசி முனையாக இருந்தால் குறைவு, மேலே மின்விசிறி ஓடினால் குறைவு. கூடுதலாகக் காட்ட வைக்கும் காரணம் தேடினாலும் அரிது. அப்படியிருக்க, அந்த எண்ணை நம்பி ஸ்டேஷனைத் திருத்துகிறவர் எப்போதும் சூட்டைக் கூட்டும் பக்கமே போவார். கூட்டிய சூட்டில் முனை இன்னும் வேகமாகக் கறுக்கும், கறுத்த முனை இன்னும் குறைவாகக் காட்டும், மறுபடி கூட்டுவார். அந்தத் தம்பி மாட்டிக்கொண்டது இந்தச் சுழலில்தான்.

சரியாக அளக்கும் முறை இது. ஸ்டேஷன் சூடாகி நிலைக்கும் வரை விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். முனையைப் பித்தளைச் சுருளில் துடைத்து, புதிய ஈயத்தைப் பளபளவென்று பூசுங்கள். பொட்டின் மேலும் கொஞ்சம் ஃப்ளக்ஸும் ஒரு துளி ஈயமும் வையுங்கள். முனையின் கூரான நுனியை விட்டு, ஈயம் பூசிய தட்டையான பக்கத்தைப் பொட்டின் மேல் வையுங்கள். அழுத்த வேண்டாம், நடுவில் உருகிய ஈயம் இருந்தால் போதும். எண் ஏறி நிற்கும் வரை காத்திருங்கள். எடுத்து, துடைத்து, மறுபடி ஈயம் பூசி, திரும்பவும் அளங்கள். ரீடிங்குகள் ஒன்றுக்கொன்று சில டிகிரிக்குள் நிற்க வேண்டும். தாறுமாறாக வந்தால் நீங்கள் அளப்பது தொடர்பின் தரத்தை. முனையின் சூட்டை இன்னும் அளக்கவில்லை.

அதற்குப் பிறகும் குறைவாகவே காட்டினால்? அப்போதும் ட்ரிம் பாட் பக்கம் கை போகக் கூடாது. கருவியைச் சாராத ஒரு சாட்சி வேண்டும். உலோகம் உருகும் சூடு அந்தச் சாட்சி. 63/37 ஈயம் (வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு) 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகும். 60/40 என்றால் 183இல் இளக ஆரம்பித்து 190ஐ ஒட்டி முழுதாக உருகும். வெள்ளீயமும் 0.7 சதவீதம் செம்பும் சேர்ந்த ஈயமில்லாக் கம்பி 227இல் உருகும், சுத்த வெள்ளீயம் 232இல். ஹக்கோ 936இன் வடிவில் வரும் 936 வகை ஸ்டேஷன்கள் 200இலிருந்துதான் தொடங்கும் என்பதால் கடைசி இரண்டும்தான் நமக்கு உதவும். 200இல் வைத்து, பூசிய முனையில் சுத்த வெள்ளீயக் கம்பியைத் தொடுங்கள், உருகாது. ஐந்து ஐந்து டிகிரியாக, ஒவ்வொரு முறையும் நிலைக்க விட்டுக் கூட்டுங்கள். கம்பி மெல்லியதாக இருக்கட்டும். தடித்த கம்பி முனையையே குளிர வைத்துவிடும். ஸ்டேஷன் 235, 240 காட்டும்போது உருகினால் அது நல்ல நிலையில் இருக்கிறது. 270 வரை உருகவில்லை என்றால்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. அதற்கும் முதலில் முனை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 936 வகையில் ஸ்டேஷனின் சொந்தச் சென்சார் ஹீட்டருக்குள் இருக்கிறது, முனை அதன்மேல் மாட்டிய உறைதான். நட்டு தளர்ந்திருந்தால் இடையில் காற்று புகுந்து முனையின் சூடு குறையும். நட்டை இறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கருவியை மட்டும் தனியாகச் சோதிக்காமல் விடுவது

மிகச் சுலபமான சோதனை இது, செய்கிறவர் குறைவு. சென்சாரைக் கழற்றிவிட்டு, இரண்டு டெர்மினலையும் ஒரு செம்புக் கம்பித் துண்டால் ஷார்ட் செய்யுங்கள். உள்ளே வரும் மின்னழுத்தம் பூஜ்யம். எனவே கருவி அறைச் சூட்டைக் காட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு நல்ல அறை வெப்பமானியை வைத்து ஒப்பிடுங்கள். இங்கே 6 டிகிரி தப்பினால் 350இலும் அந்த 6 டிகிரி அப்படியே கூடவே வரும்.

அடுத்தது மின்னழுத்தத்தை அளக்கும் பகுதி. ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு 82 ஓம் ரெசிஸ்டர் போதும். இரண்டையும் வரிசையாக பேட்டரியில் இணைத்தால் 82 ஓம் குறுக்கே சுமார் 12.2 மில்லிவோல்ட் கிடைக்கும். அதை பிளஸ் மைனஸ் பார்த்து டெர்மினலில் கொடுங்கள். அறை 30 டிகிரியில் இருந்தால் கருவி 329ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். கணக்கு இதுதான்: கே வகை அட்டவணையில் 30 டிகிரிக்கு 1.203 மில்லிவோல்ட், 12.2ஐக் கூட்டினால் 13.4, 13.4க்கு நேரான சூடு 329. பேட்டரியின் உண்மையான அளவு மாறும் என்பதால் 82 ஓம் குறுக்கே மல்டிமீட்டரில் அளந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 0.1 மில்லிவோல்ட் வரை மட்டும் காட்டும் மல்டிமீட்டரில் ஒரு படியே சுமார் 2.5 டிகிரி ஆகிவிடும். 0.01 வரை காட்டும் மீட்டரை யாரிடமாவது வாங்கிச் செய்யுங்கள்.

இந்த இரண்டிலும் தேறிய கருவி குறைவாகக் காட்டினால், சென்சாரிலும் தொடர்பிலும்தான் கோளாறு. ஒரிஜினலுக்குச் சொல்லப்படும் துல்லியமே 300 முதல் 600 டிகிரி வரை 3 டிகிரி முன்பின். நகலில் 5 டிகிரிக்குள் வந்தால் நான் திருப்தியாக வைத்துக்கொள்வேன்.

ஐஆர் கன்னோடு ஒப்பிடுவது

வேண்டாம். ஐஆர் கன் தொடாமல் தூரத்திலிருந்து அகச்சிவப்பை வைத்துச் சூட்டை அளப்பது. முனை அது பார்க்கும் வட்டத்தைவிடச் சிறியது, பளபளப்பான ஈயம் அகச்சிவப்பை மிகக் குறைவாகவே வெளியிடும்.

மல்டிமீட்டரோடு வந்த கே வகைக் கம்பியை முனையில் அழுத்திப் பார்ப்பது

அதுவும் காய்ந்த தொடர்புதான், அதுவும் குறைவாகத்தான் காட்டும். குறைவாகக் காட்டும் இரண்டு கருவிகள் ஒத்துப்போனால் அது சாட்சியாகாது.

கொதிநீரை எல்லா ஊரிலும் 100 என்று எடுத்துக்கொள்வது

நீண்ட கே வகைக் கம்பியைக் கருவியில் இணைத்து, பொட்டைக் கொதிநீரில் முக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை சுமார் 1 டிகிரி குறையும். சென்னையில் 100 என்றால் கோவையில் 98.5, ஊட்டியில் 93ஐ ஒட்டி வரும். நீட்டுவதற்குச் சாதாரணச் செம்பு ஒயரை இடையில் சேர்க்காதீர்கள். அந்தச் சந்திப்பு அடுப்புப் பக்கம் சூடானால் எண் கெட்டுவிடும்.

கருவியை அயர்ன் ஸ்டாண்டை ஒட்டி வைப்பது

டெர்மினல் சூடேறி, உள்ளே அதைக் கணக்கெடுக்கும் சென்சார் சூடேறாமல் இருந்தால் மறுபடியும் குறைவாகத்தான் காட்டும். வெயிலில் வந்த பார்சலைப் பிரித்தவுடனும் அளக்காதீர்கள். அரை மணி நேரம் அறையில் கிடக்கட்டும்.

பேட்டரி தீரும் வரை எண்ணை நம்புவது

இந்தக் கருவிகளில் 9 வோல்ட் பேட்டரி. மேலே சொன்ன தவறுகள் எல்லாம் குறைவாகக் காட்ட வைப்பவை. பேட்டரி மட்டும் எதிர்ப்பக்கம் இழுக்கக்கூடியது. மலிவான மல்டிமீட்டர்களில் இருக்கும் 7106 வகைச் சில்லில், பேட்டரி ஏறத்தாழ 7 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது ஒப்பிட்டுப் பார்க்கும் உள் மின்னழுத்தம் நிலையாக நிற்காது. அது இறங்க இறங்க, அளந்த எண் ஏறும். அப்போது ஸ்டேஷன் சூடு அதிகம் என்று நினைத்துக் குறைப்பீர்கள். ஈயப் பற்று சரியாகப் பிடிக்காது. உங்கள் கருவியில் எந்தச் சில்லு என்று அதை மூடிய கறுப்புப் பூச்சுக்கு மேலிருந்து தெரியாது. அதனால் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

இந்தச் சோதனையிலும் ஒரு தவறு நடக்கிறது. டெர்மினலை ஷார்ட் செய்து, அறைச் சூட்டை வைத்துக்கொண்டு பேட்டரி மின்னழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள். எண் நகரவே இல்லை, கருவி நல்லது என்கிறார்கள். உள்ளே வரும் சிக்னல் பூஜ்யமாக இருக்கும்போது அதை எத்தனை சதவீதம் தப்பாக அளந்தாலும் வெளியே தெரியாது. முன்னே சொன்ன 12.2 மில்லிவோல்ட்டைக் கொடுத்து வைத்துக்கொண்டு, பேட்டரிக்குப் பதில் பவர் சப்ளையில் 9.5 வோல்ட்டிலிருந்து மெல்ல இறக்குங்கள். எண் எந்த வோல்ட்டில் நகர ஆரம்பிக்கிறது, பேட்டரிச் சின்னம் எந்த வோல்ட்டில் வருகிறது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் முதலில் நகர்ந்து சின்னம் பிறகு வந்தால், அந்தச் சின்னத்தை நம்ப முடியாது. எண் நகர்ந்த வோல்ட்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

மின்சாரச் செலவையும் அளங்கள். பேட்டரியின் ஒரு கிளிப்பை மட்டும் விலக்கி, இடையில் மில்லியாம்பில் வைத்த மல்டிமீட்டரை இணைத்தால் போதும். நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி சுமார் 500 மில்லியாம்ப் மணி தரும். கருவி 2 மில்லியாம்ப் எடுத்தால் 250 மணி நேரம் ஓடும். அணைக்க மறந்தால் பத்து நாளில் காலி. கருவியை அணைத்த பிறகும் ஒரு முறை அளக்க வேண்டும். தள்ளும் சுவிட்ச் என்றால் பூஜ்யம் வரும். அமுக்கும் பொத்தான் என்றால் மைக்ரோஆம்பில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கலாம். 20 மைக்ரோஆம்ப் பரவாயில்லை. அதுவே அரை மில்லியாம்ப் என்றால் சும்மா கிடந்தே ஆறு வாரத்தில் பேட்டரி தீரும். அப்படிப்பட்ட கருவியில் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

கூடவே வந்த பேட்டரியை வைத்துச் சோதிப்பது

எந்த முடிவுக்கும் வர முடியாது. புது ஆல்கலைன் வாங்குங்கள்.

சென்சார் அறுந்து போகும் வரை ஓட்டுவது

சென்சார் தேய்ந்து தீரும் பொருள். உருகிய ஈயம் பொட்டை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அரிக்கிறது, ஃப்ளக்ஸ் கருகிப் படிகிறது. உபரிச் சென்சார்களையும் சேர்த்தே வாங்கி வையுங்கள். சிவப்பு முனை சிவப்பில், நீலம் நீலத்தில். மாற்றிப் போட்டால் சூடு ஏற ஏற எண் இறங்கும். ஒரு புதுச் சென்சாரை ஒப்பிடுவதற்கென்றே ஒதுக்கி வைத்து, சந்தேகம் வரும்போது மட்டும் மாட்டி அளந்து பாருங்கள். பழையது புதியதைவிட 5 டிகிரிக்கு மேல் குறைவாகக் காட்டினால் பழையதை எடுத்துப் போட்டுவிடலாம்.